கல்லில் வெட்டிய பணி நியமனம்

கேள்வி: நேர்முகத் தேர்வில் பலரும் செய்யும் பிழைகளைத் தவிர்க்கத் தஞ்சைப் பெரிய கோயில் ஏதேனும் வழி சொல்கிறதா?

பதில்: சொல்கிறது, அதுவும் கல்லில். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் 400 பேரை, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருச் சிறகில், அதாவது பக்கத்தில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தவர்கள் என்பது வரை குறித்து, ஒருவருக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல் என வரையறுத்துவிடுகிறது. ஆகவே எடுத்த எடுப்பிலேயே சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் பிழைக்கு அங்கே இடமில்லை.

சிபாரிசுக்கு மட்டும் கொஞ்சம் இடமுண்டு. பணியிலிருப்பவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, முறைகடவார் எனப்படும் அடுத்த உரிமையினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். ஆனால் அவர்களுக்குத் தகுதி இல்லையெனில், தகுதியுள்ளவரை ஆளாக அமர்த்தி அப்பணியைச் செய்விக்க வேண்டும் என்று கல்வெட்டு கறாராகவே நிபந்தனை இடுகிறது. மாமா சொல்லியனுப்பினார் என்று தொடங்கும் விண்ணப்பதாரர் கவனிக்க வேண்டிய வரி இதுவே. தெரியாத மென்பொருளையெல்லாம் தெரிந்ததாகத் தற்குறிப்பில் எழுதிவைப்பவருக்கோ இந்த ஆளமர்த்தும் சலுகையும் கிடையாது. இக்காலத்தில் தேர்வுக்கு மாற்றாளை அனுப்பினால் அழைப்பு அலுவலகத்திலிருந்து வராது, காவல் நிலையத்திலிருந்து வரும்.