வந்தனம் அய்யா, ஆனால்…

மூக்கண்டப்பள்ளி சன்மார்க்க அய்யாவுக்குக் கோபம் வராது. வருத்தம்தான் வரும். அதுவும் காலை ஐந்தரைக்கே வந்துவிடும். நைட் ஷிப்ட் பஸ்கள் இன்னும் சிப்காட்டை விட்டுக் கிளம்பாத, செகண்ட் ஷிப்ட்காரர்கள் லைன் வீடுகளில் அசந்து தூங்குகிற அந்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழும்.

"அருட்பெருஞ்ஜோதி. அன்பர் அவர்களுக்கு வந்தனம். தாங்கள் நேற்று அனுப்பிய படத்தில் பெருமானார் நெற்றியில் திருநீறு இருப்பது கண்டு அடியேன் மனம் வருந்துகிறது. அறியாமையால் நேர்ந்திருக்கும். தயவுசெய்து நீக்கிவிடவும். வந்தனம்."

முன்னால் ஒரு வந்தனம், பின்னால் ஒரு வந்தனம், நடுவில் அறியாமை. படம் அனுப்பியவருக்கு எழுபது வயது. வள்ளலார் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு உள்நோக்கம் கிடையாது. "மன்னிக்கவும் அய்யா" என்று பதில் போடுவார். அதோடு முடிந்ததா? "மன்னிப்பு எதற்கு அய்யா? தெளிவு போதும்" என்று இவர் அடுத்ததை அனுப்புவார். மன்னிக்கக்கூட மாட்டார் என்று இதற்குப் பொருள்.

இப்படி ஒருவர் எல்லாக் கொள்கையிலும் உண்டு. தொழிற்சங்கத் தோழர்களில் உண்டு, பெரியார் தொண்டர்களில் உண்டு, யோகா வகுப்பில்கூட உண்டு. நான் சன்மார்க்கியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கேதான் சண்டை இவ்வளவு கைகூப்பிக்கொண்டு நடக்கிறது.

அய்யாவுக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். 1980இல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து ஓட ஆரம்பித்ததும், அங்கே போனால் வேலை நிச்சயம் என்ற பேச்சு தென்னாற்காடு வரைக்கும் வந்தது. ஐடிஐ சான்றிதழையும் வடலூரில் வாங்கிய ஒரு வள்ளலார் படத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவர், மூக்கண்டப்பள்ளியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். முப்பது வருடத்துக்குமேல் கையில் பிளக் கேஜ். அதில் ஒரு முனை 'கோ', மறுமுனை 'நோ கோ'. துளைக்குள் கோ முனை நுழைய வேண்டும், நோ கோ முனை நுழையவே கூடாது. நுழைந்தால் சிவப்பு பெயின்ட், ரிஜெக்ட் பெட்டி. ஓய்வு பெற்ற அன்று கேஜை ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பழக்கத்தை ஒப்படைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கம்பெனியில் இருந்தபோதாவது பத்து மைக்ரான் கூடக் குறைய இருந்தால் "போகட்டும்" என்று விட்டிருக்கிறார். சன்மார்க்கத்தில் அந்தச் சலுகையும் கிடையாது. சிஎன்சி ஓட்டுகிற ஒரு பையன், வடலூர் போய்வந்த நண்பன் சொன்னதைக் கேட்டு மூன்று மாதமாகக் கறி மீனை விட்டிருந்தான். அதைச் சொல்லி நாலு நல்ல வார்த்தை வாங்கலாம் என்று அய்யாவிடம் வந்தான்.

"மகிழ்ச்சி தம்பி. முட்டை?"

"அதுவும் விட்டுட்டேன் அய்யா."

"பால்?"

பையன் கையில் டீ கிளாஸ் இருந்தது. ஒளித்து வைக்க இடமில்லை.

"சரி, அது போகட்டும். நீங்க முதல் அஞ்சு திருமுறையா, ஆறாந்திருமுறையா?"

அந்தக் கேள்வியின் கனம் பையனுக்குத் தெரியாது. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் அச்சாயின. ஐந்தாவது 1880இலும் ஆறாவது 1885இலும் வந்தன. வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டது 1874 ஜனவரியில். ஆகவே ஆறாந்திருமுறை அச்சேறியபோது விளக்கம் கேட்க அவர் இல்லை. முந்தைய ஐந்தில் முருகனும் நடராசரும் திருநீறும் உண்டு. ஆறாவதில் சாதி, சமயம், சாத்திரம் எல்லாவற்றையும் கடந்து ஜோதி மட்டும். 1873இல் கொடி கட்டியபோது செய்த பேருபதேசத்தில் வேத ஆகமங்களில் லட்சியம் வைக்க வேண்டாம் என்றும், சைவத்தில் தமக்கு முன்பு இருந்த பற்று போய்விட்டது என்றும் அவரே சொல்லிவிட்டார். ஆகவே ஆறாவது மட்டுமே அசல் என்பது ஒரு கட்சி. பாடியவர் ஒருவர்தானே, ஆறும் அவருடையதுதானே என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாளாக ஓடுகிறது.

பையன் "ஆறும்தான் அய்யா" என்றான். பெரிய நம்பரைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். "வருந்துகிறேன் தம்பி" என்றார் அய்யா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனை அத்திப்பள்ளியில் பிரியாணி கடை வாசலில் பார்த்ததாகக் கேள்வி. மாநில எல்லையைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டது அய்யாவுக்குப் பயந்துதான் இருக்க வேண்டும்.

இதே அய்யாவை வெளியாட்களோடு பார்க்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் கழுத்தில் லிங்கம் கட்டிய கன்னடக்காரர். அவரோடு பசவண்ணரைப் பற்றி மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பார். டீக்கடையில் கறுப்புச் சட்டைக்காரர், "சாமியே இல்லைங்கிறேன், அப்புறம் என்ன ஜோதி?" என்று கேட்டால், "சடங்கு வேண்டாம்னு எங்க பெருமானாரும்தான் சொன்னார், நீங்க நம்ம ஆளுதான்" என்று டீக்குக் காசும் கொடுத்துவிடுவார். பக்கத்து அறையில் மீன் வறுக்கிற ஒடிசா பையன்களுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி இவர் வீட்டிலிருந்துதான் போகும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ஜூஜூவாடியில் இருக்கிறாரே இன்னொரு சன்மார்க்க அய்யா, அவர் பெயரை எடுத்தால் மட்டும் முகம் மாறும். அவரும் கறி தின்னாதவர், அவரும் கண்ணாடிக்குள் விளக்கு ஏற்றுகிறவர், அவரும் ஓய்வு பெற்றவர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஒத்துப்போகிறவர். அந்த மிச்சம் ஒன்றை இவரால் தாங்க முடியவில்லை.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நம் ஊரில் வரப்புச் சண்டை பங்காளியோடுதான் வரும். மாமன் மச்சானுக்குப் பந்தியில் முதல் இலை போட்டுவிட்டு, பங்காளி போட்ட வேலிக்கு நூல் பிடித்துப் பார்ப்போம். சொத்தில் பாத்தியதை உள்ளவன்மேல்தானே சந்தேகம் வர முடியும்?

ஜூஜூவாடி அய்யாவும் முதலில் இதே குழுவில்தான் இருந்தார். ஒரே வரியை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு மாதம் மோதினார்கள். இவர் கையில் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பு, பன்னிரண்டு புத்தகங்கள். அவர் கையில் 1972இல் வந்த ஊரன் அடிகள் பதிப்பு, பாடல்களைக் கால வரிசையில் அடுக்கியது. "பக்கம் பாருங்கள் அய்யா, வந்தனம்" என்று இவர் அனுப்ப, அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பாட்டே இல்லை என்று அவர் வருந்த, இல்லாததை இருப்பதாகச் சொல்பவர் யார் என்று இவர் பதிலுக்கு வருந்த, கடைசியில் தட்டச்சுக் கடைப் பெண் ஒருத்திதான் இரண்டு புத்தகமும் வேறு வேறு என்று கண்டுபிடித்தாள். இருவரும் அவளுக்கு வந்தனம் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பிரிவினை வந்தது மாதப் பூசத்து அன்னதானத்தில். காரணம் பாயசம். பசும்பாலா, தேங்காய்ப்பாலா? நித்திய கரும விதியில் பெருமானாரே பால் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் என்பது ஜூஜூவாடி. அந்தக் காலத்துப் பசு வேறு, ஊசி போட்டுக் கறக்கிற இந்தக் காலத்துப் பசு வேறு, காருண்யம் இன்னும் ஒரு படி ஏற வேண்டும் என்பது மூக்கண்டப்பள்ளி. சமையல்காரம்மா தெலுங்குக்காரர். கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏதோ ஒரு பாலு சொல்லுங்க சாமி. சேமியா குழையுது."

"அம்மா, சாமின்னு கூப்பிடக் கூடாது. பெருமானாரே தம்மை இராமலிங்கசாமின்னு அச்சுல போடக் கூடாதுன்னு இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதினார்."

"சரி சாமி. எந்தப் பாலு?"

அந்த அம்மா ரெண்டு பாத்திரத்தில் பிரித்து வைத்துவிட்டார். வரிசையில் இருந்த பிகார், ஒடிசா, தருமபுரித் தொழிலாளிகள் இரண்டையும் வாங்கிக் குடித்தார்கள். குழு அன்று ராத்திரியே இரண்டானது. பழையது 'சன்மார்க்க அன்பர்கள்', புதியது 'சுத்த சன்மார்க்க அன்பர்கள்'. பிறகு பூண்டு வெங்காயத்தில் இன்னொன்று கிளைத்தது: 'சமரச சுத்த சன்மார்க்க அன்பர்கள்'. வள்ளலார் 1865இல் தொடங்கிய சங்கத்தின் பெயரில் 'வேத' என்று இருந்ததை எடுத்துவிட்டு, 1872இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். அதில் 'சத்திய' இன்னும் மிச்சம் இருப்பதால் மேலும் ஒரு குழுவுக்கு இடமுண்டு.

இந்தச் சண்டைக்கு நல்ல பரம்பரையும் உண்டு. வள்ளலார் பாடல்களை அருட்பா என்று சொன்னதே தவறு, அது தேவார திருவாசகத்துக்கு மட்டும் உரிய மரியாதை என்று ஆறுமுக நாவலர் தரப்பு 1869இல் 'போலியருட்பா மறுப்பு' போட்டது. இந்தப் பக்கத்திலிருந்து மறுப்புக்கு மறுப்பு. பிறகு அந்த மறுப்புக்கு ஒரு மறுப்பு. இரண்டு தரப்பும் திருநீறு பூசிய சைவர்கள். மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தக் கண்டனப் பிரசுரங்களை இன்று படித்தால் காது கூசும். குலம், கோத்திரம், மீசை, வேட்டி ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. ஆனாலும் எனக்கு அவைதான் மேல் என்று தோன்றுகிறது. திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டினார்கள். வந்தனத்தில் சுற்றி அனுப்பும் வசைக்குப் பதில் சொல்லவும் முடிவதில்லை; சொன்னால் நாம்தான் முரடர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சண்டை மறுபடி மூண்டது. அது அருட்பா அல்ல, மருட்பா என்ற பக்கம் நா. கதிரைவேற்பிள்ளை, அருட்பா பக்கம் மறைமலையடிகள். அருட்பாவுக்காக மேடை ஏறிய இன்னொருவர் நாகர்கோவில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர், இஸ்லாமியர். சைவர்கள் பங்காளிகளாக அடித்துக்கொண்டபோது வள்ளலாருக்காக வாதாட அவர் வந்தார். எனக்கு இதைவிடப் பிடித்தது திரு.வி.க. கதை. கதிரைவேற்பிள்ளையின் மாணவர் அவர். ஆசிரியருக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனதில் 1904இல் பள்ளி இறுதித் தேர்வையே கோட்டைவிட்டார். பிற்காலத்தில் அதே திரு.வி.க. 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்று வள்ளலாரைப் போற்றி நூல் எழுதினார். இந்தக் கதையை அய்யாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "நல்லது அய்யா. ஆனால் தலைப்பில் சுவாமிகள் என்று போட்டிருக்கிறாரே" என்று வருந்தினார்.

அவருக்குப் பிடித்த கதை வேறு. மஞ்சக்குப்பம் வழக்கு நடந்த அன்று வள்ளலார் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் எதிராளி நாவலரே எழுந்து கைகூப்பினாராம். எதிரியே எழுந்து நிற்கிறாரே என்று நீதிபதி வழக்கைத் தள்ளினாராம். சன்மார்க்க அன்பர்கள் ஆசையாகச் சொல்லும் கதை. அய்யா இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். "நாவலரே எழுந்தார்!" என்னும்போது பார்வை ஜூஜூவாடி இருக்கும் திசையில் போகும். ஒரு கல்யாணத்தில் இவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஜூஜூவாடி அய்யா உண்மையாகவே எழுந்தார். இவர் கண் கலங்கிவிட்டது. அவர் கை கழுவப் போனார்.

நம் அய்யாவின் பெருந்தன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். யாரையும் குழுவிலிருந்து நீக்கியதில்லை. எதிர்க் குழுவின் அன்னதானத்துக்கு ஒரு தடவை கேஸ் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் தன் வீட்டு சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். சிலிண்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "வந்தனம். தேங்காய்ப்பாலுக்கு மட்டும் பயன்படுத்தவும்."

போன தைப்பூசத்துக்கு வேன் ஒன்றுதான் கிடைத்தது. இரண்டு குழுவும் சேர்ந்து போக வேண்டியதாயிற்று, இரண்டு அய்யாக்களுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. கிருஷ்ணகிரி வரை மௌனம். ஊத்தங்கரையில் "தங்களுக்கு ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளுமா அய்யா?" என்று ஆரம்பித்தது. திருவண்ணாமலையில் ஆறாந்திருமுறை. விழுப்புரத்தில் பால். வேன் ஓட்டிய ஆனேக்கல் பையன் தூக்கம் வராமல் இருக்க இதுவே போதும் என்று பாட்டை நிறுத்திவிட்டான். வடலூரில் சத்திய ஞான சபை முன்னால் கூட்டம் நெரிந்தது. ஏழு திரைகளையும் நீக்கிக் காட்டும் தரிசனம் காலை ஆறு மணிக்கு. ஜோதி வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா, உள்ளே என்றால் இங்கே வரிசையில் நிற்பது எதற்கு என்ற இடத்தில் இருவரும் தரையில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் தரிசனம் முடித்து, தர்ம சாலையில் சாப்பிட்டுத் திரும்பியபோதும் உட்கார்ந்தேதான் இருந்தார்கள்.

"அய்யா, பத்து மணிக்கு அடுத்த தரிசனம் இருக்கு. அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துடலாம்" என்றார் ஜூஜூவாடி.

"அவசரம் என்ன அய்யா?" என்றார் நம்மவர். "ஒரு மணிக்கும் இருக்கே."