கோட்டுப் போட்ட கஞ்சா

மிசிசிப்பி மாநில உச்ச நீதிமன்றத்துக்கு முதலில் ஒரு கும்பிடு போட்டுவிடுவோம். மக்களாட்சியை வகுத்தல் கணக்கால் வீழ்த்த முடியும் என்று உலகுக்கு நிரூபித்தவர்கள் அவர்கள்.

2020 நவம்பரில் அந்த மாநிலத்து மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய், புற்றுநோயிலும் வலிப்பிலும் அவதிப்படுகிறவர்களுக்கு மருத்துவர் சொன்னால் கஞ்சா கிடைக்கட்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு. மிசிசிப்பி ஒன்றும் புரட்சிக்காரர்கள் குடியிருக்கும் பேட்டை கிடையாது. அதே நாளில் டிரம்புக்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்த மண்தான். வீட்டில் ஒருவர் இரவெல்லாம் வலியில் முனகிக்கொண்டிருந்தால் வாசலில் கட்டிய கட்சிக் கொடி கண்ணுக்குத் தெரியாது.

மேடிசன் நகர மேயர் வழக்குப் போட்டார். 2021 மே மாதம் ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் சேர்ந்து தீர்ப்பெழுதினார்கள். மக்கள் மனு ஒன்று வாக்குச்சீட்டில் ஏற வேண்டுமானால், எந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கையெழுத்து கணக்கில் சேராது என்கிறது மாநிலத்தின் அரசியல் சாசனம். அந்த விதி எழுதப்பட்ட காலத்தில் மிசிசிப்பிக்கு ஐந்து தொகுதிகள். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பிறகு ஒன்று பறிபோய், மிச்சம் நான்கு. நான்கு தொகுதியிலும் வீடு வீடாக ஏறி இறங்கினாலும் ஐந்தில் நான்கு பங்குதானே தேறும்? ஆகவே மனு செல்லாது, மக்கள் போட்ட ஓட்டும் செல்லாது. சாசனத்தைத் திருத்தும்வரை அந்த மாநிலத்தில் வேறெந்த மக்கள் மனுவும் செல்லாது.

நல்லது. அப்படியானால் இதே நான்கு தொகுதிக் கணக்கில் 2011-இல் ஜெயித்த இன்னொரு மக்கள் மனுவின் கதி என்ன? வாக்குச்சாவடிக்கு வருகிறவர் புகைப்பட அடையாள அட்டை காட்டியே தீர வேண்டும் என்ற மனு அது. ஏழைகளுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதனால் என்ன இடைஞ்சல் என்று அங்கே ஊருக்கே தெரியும். அதற்கு ஒரு கீறல் விழவில்லை. ஓட்டுப் போட வருகிறவனை மறிக்க நான்கு தொகுதி போதும். வலிக்கு மருந்து கேட்டால் ஐந்தாவது தொகுதி வேண்டும். பிறகு 2022-இல் சட்டமன்றம் மனமிரங்கி, தானே ஒரு மருத்துவக் கஞ்சாச் சட்டம் போட்டது. உரிமையாகக் கேட்டால் கிடைக்காது, பிச்சையாக வாங்கிக்கொள் என்பது ஏற்பாடு.

தெற்கு டகோட்டாவில் நடந்தது இதன் தம்பிக் கதை. 2020-இல் 54 சதவீதம் பேர் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கச் சொன்னார்கள். கவர்னர் கிறிஸ்டி நோம், மாநில நெடுஞ்சாலைக் காவல்துறைத் தலைவரை வழக்குப் போடச் சொல்லி, செலவை அரசுக் கணக்கிலேயே எழுதினார். ஓட்டுப் போட்டவனின் வரிப்பணத்தில் அவன் ஓட்டை எதிர்த்து வழக்கு. ஒரே திருத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்கள் கலந்திருக்கின்றன என்று 2021-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அமெரிக்காவில் கவர்னர் மக்கள் ஓட்டில் ஜெயித்து வருகிறவர். நம் ஊர் ஆளுநரை நினைத்துக் குழம்ப வேண்டாம். மக்கள் முடிவைக் கிடப்பில் போடும் கைப்பழக்கத்தில் மட்டும் பேதம் கண்டுபிடிப்பது சிரமம்.

ஃபுளோரிடா இன்னும் ருசியானது. அங்கே அரசியல் சாசனத்தைத் திருத்த 60 சதவீதம் ஓட்டு வேண்டும். இந்த 60 எங்கிருந்து வந்தது? 2006-இல் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தது. எத்தனை சதவீத ஓட்டில்? 57.8. ஐம்பத்தேழு சொச்சத்தில் பிறந்த விதி, இனி ஐம்பத்தேழு சொச்சத்தில் எதுவும் பிறக்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டது. 2014-இல் மருத்துவக் கஞ்சாவுக்கு 57.6 சதவீதம் கிடைத்தது: தோல்வி. 2024-இல் பொதுப் பயன்பாட்டுக்குக் கிட்டத்தட்ட 56 சதவீதம்: தோல்வி. பாதிக்கு மேல் வாங்கியவன் தோற்று, பாதிகூட வாங்காதவன் வெற்றி விழா கொண்டாடினான்.

அந்த 2024 சண்டையில் கவர்னர் ரான் டிசான்டிஸ், ஊரெல்லாம் கஞ்சா நாறும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு மேடை போனார். மூக்கு அவ்வளவு கூர்மை. ஆனால் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு நிறுவனம் திருப்பித் தந்த சமரசத் தொகையிலிருந்து 1 கோடி டாலர் நழுவி, கவர்னரின் மனைவி முன்னின்று நடத்தும் 'ஹோப் ஃபுளோரிடா' திட்டத்தின் அறக்கட்டளைக்குப் போய், அங்கிருந்து இரண்டு அமைப்புகளுக்குத் தலா 50 லட்சமாகப் பிரிந்து, அதில் பெரும்பங்கு கஞ்சா எதிர்ப்புப் பிரசாரத்தில் போய் விழுந்ததே, அந்த வாடை அவருக்கு எட்டவேயில்லை. தவறே நடக்கவில்லை என்கிறார். துருவித் துருவிக் கேட்டவர் எதிர்க்கட்சிக்காரரும் அல்ல, அவர் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்.

எதிர்த்தவர்கள் இந்த லட்சணம் என்றால் ஆதரித்தவர்கள் யார்? நோயாளிகள் சங்கமா, சிறையிலிருந்து மீண்டவர்களா? ட்ரூலீவ் என்ற நிறுவனம். ஃபுளோரிடாவின் மருத்துவக் கஞ்சாச் சந்தையில் அதுதான் பெரிய முதலாளி. தன் சந்தையை விரிக்க 14 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அந்தத் திருத்தத்தில் ஒரு சின்ன விடுதல் உண்டு: குடிமகன் தன் கொல்லையில் ஒரு செடி வளர்த்துக்கொள்ள இடமில்லை. சுதந்திரம் என்று முழங்கியது தொண்டை. கல்லாப்பெட்டிச் சாவி மட்டும் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஒஹையோவில் 2015-இல் இந்தக் கூத்து வெட்கமில்லாமலே நடந்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கு என்றது மனு. மாநிலம் முழுவதற்கும் வணிகக் கஞ்சா பயிரிட பத்தே பத்து நிலங்கள்தான் என்றும் அதே மனு சொன்னது. யாருடைய நிலங்கள்? பிரசாரத்துக்குப் பணம் போட்ட முதலீட்டாளர்களுடையவை. தங்கள் ஏகபோகத்தை அரசியல் சாசனத்தில் செதுக்கித் தரும்படி வாக்காளனிடமே உளியைக் கொடுத்தார்கள். 'பட்டி' என்று ஒரு பொம்மையும் உண்டு: கஞ்சா மொட்டுத் தலை, பயில்வான் உடம்பு, முதுகில் பச்சைப் போர்வை. கல்லூரி கல்லூரியாகப் போய் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டது. ஒஹையோ மக்கள் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான ஓட்டில் பட்டியையும் முதலாளிகளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2023-இல், வீட்டில் செடி வளர்க்கவும் இடம் கொடுத்த வேறொரு மனுவை அதே மக்கள் நிறைவேற்றினார்கள். வாக்காளனுக்கு விவரம் போதாது என்று கவலைப்படுகிறவர்கள் இந்த இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதே ஒஹையோ தந்த தவப்புதல்வர் ஜான் பெய்னர். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்தவர். 2011-இல் கஞ்சா எதிர்ப்பில் தான் மாறவே மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர். 2018-இல் ஏக்கரேஜ் ஹோல்டிங்ஸ் என்ற கஞ்சா நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் போய் உட்கார்ந்தார். கேட்டால், தன் சிந்தனை பரிணாம வளர்ச்சி அடைந்துவிட்டது என்றார். டார்வினுக்குத் தோன்றாத ஒன்று இதில் இருக்கிறது: பதவியில் இருக்கும்வரை இந்தப் பரிணாமம் தொடங்குவதில்லை. பதவி போய், பங்குப் பத்திரம் கண்ணில் பட்ட பிறகுதான் வால் உதிர்கிறது.

இப்போது லூசியானாவுக்கு வாருங்கள். 2008, ஷ்ரீவ்போர்ட் நகரம். வீடில்லாமல் தெருவில் இருந்த ஒரு கறுப்பினத்தவரிடம், மாறுவேடப் போலீஸ்காரர் ஒருவர் வந்து கஞ்சா கிடைக்குமா என்று கேட்கிறார். இவர் போய் இன்னொருவனிடம் இரண்டு பொட்டலம் வாங்கி வந்து கொடுக்கிறார். மொத்தம் 20 டாலர் சரக்கு. இவருக்குக் கிடைத்தது 5 டாலர், சாப்பாட்டுக்கு. சரக்கைக் கொடுத்தவன் வெள்ளைக்காரன்; போலீஸ் அடையாளமிட்ட 20 டாலர் நோட்டு அவனிடம்தான் இருந்தது. அவன் கைதாகவில்லை. வாங்கிக் கொடுத்தவருக்குப் பரோலே கிடையாத ஆயுள் தண்டனை. முன்பு மூன்று வழக்குகள் இருந்தன, ஒன்றிலும் வன்முறை இல்லை. பழைய குற்றவாளிச் சட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அடிமைகள் உழைத்த தோட்டத்தில் எழுந்த அங்கோலா சிறையில் அவரை அடைத்தார்கள்.

அவர் உள்ளே இருக்கும்போதே லூசியானா அரசு மருத்துவக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. பயிரிடும் உரிமத்தை யாருக்குக் கொடுத்தது தெரியுமா? லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் சதர்ன் பல்கலைக்கழகத்துக்கும். 2019 ஆகஸ்டில் முதல் குப்பி விற்பனைக்கு வந்தது. செடியை வளர்த்தது அரசாங்கம், வரி வாங்கியது அரசாங்கம், 20 டாலருக்காக ஒரு மனிதனைச் சாகும்வரை பூட்டி வைத்திருந்ததும் அதே அரசாங்கம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். 2020 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார். அந்த ஒரே ஆண்டில் கொலராடோவில் விற்ற சட்டபூர்வக் கஞ்சாவின் மதிப்பு 200 கோடி டாலருக்கு மேல்.

வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். கைதாகும் வாய்ப்பு மட்டும் கறுப்பினத்தவருக்கு மூன்றரை மடங்குக்கு மேல் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியத்தின் 2020 அறிக்கை கணக்குக் காட்டியது. அடிபட்ட மக்களுக்கே கடை உரிமத்தில் முன்னுரிமை என்று இல்லினாய் மாநிலம் பெரிய மனதோடு அறிவித்தது. பொதுப் பயன்பாட்டு விற்பனை தொடங்கியது 2020 ஜனவரி 1, ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்றுக்கொண்டிருந்த கம்பெனிகளின் கடைகளில். முன்னுரிமைக்காரர்களின் முதல் கடை திறந்தபோது 2022 முடியப் போகிறது. முன்னுரிமை என்றால் எதற்கு முன் என்று யாரும் கேட்டுவைக்கவில்லை போலும்.

கஞ்சா நல்ல சரக்கு என்று சான்றிதழ் கொடுக்க எனக்கு ஆசையில்லை. வளரும் மூளைக்கு அது கேடு. இன்று கொலராடோக் கடைகளில் போதைச் சத்து 70, 80 சதவீதம் கொண்ட சாறு விற்கிறார்கள். பழைய காலத்து இலைதழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது எவ்வளவு இருக்கலாம், யார் அளப்பது, பதினெட்டு வயதுப் பையன் கையில் சேராமல் எப்படிக் காப்பது என்றல்லவா விவாதம் நடந்திருக்க வேண்டும்? ஆனால் விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் இரண்டு தரப்புக்கும் அந்தப் பேச்சு லாபமில்லை.

இதெல்லாம் அங்கே அவர்கள் பாடு என்று நாமும் கைகழுவ முடியாது. 1930 முதல் 1962 வரை அமெரிக்கப் போதைப்பொருள் துறையைக் கையில் வைத்திருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கரின் கஞ்சா எதிர்ப்பு வெறி உள்நாட்டோடு நிற்கவில்லை. 1961-இன் சர்வதேச ஒப்பந்தத்தில் கஞ்சாவும் ஏறியது. அதில் கையெழுத்திட்ட இந்தியா 1985-இல் தன் போதைப்பொருள் சட்டத்தைப் போட்டது. தடை போடக் கற்றுக்கொடுத்தவர்கள் பங்குச் சந்தைக்குப் போய்விட்டார்கள். இங்கே ஸ்டேஷனில் எதிர்த்துப் பேசுகிற பையனைப் பார்த்து 'கஞ்சா கேஸ் போட்டுருவேன்' என்கிற மிரட்டல் மட்டும் பரம்பரைச் சொத்தாக நிலைத்துவிட்டது.

கடைசியாக ஐடஹோ. அண்டையில் ஆரிகன் மாநிலம், நடுவில் ஸ்நேக் ஆறு. ஆரிகன் பக்கத்தில் ஒன்டாரியோ என்று சுமார் 11,000 பேர் வாழும் ஓர் ஊர். அங்கே கஞ்சாக் கடை வாசல்களில் நிற்கும் கார்களில் ஐடஹோ நம்பர் பலகைகள்தான் அதிகம். கடையில் வரி கட்டி வாங்கிய அதே பொட்டலம் பாலத்தைத் தாண்டினால் குற்றம். 2025-இல் அதற்குக் குறைந்தபட்ச அபராதம் 300 டாலர் என்று ஐடஹோ சட்டம் போட்டது. ஆரிகனுக்கு வரி, ஐடஹோவுக்கு அபராதம்; ஒரே பொட்டலத்துக்கு இரண்டு கரையிலும் வசூல். நாளைக்கு ஐடஹோ மக்களும் மிசிசிப்பிக்காரர்களைப் போல மனு எழுதி ஓட்டுக் கேட்டுவிட்டால்? அதற்கும் சட்டமன்றம் முந்திக்கொண்டது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் அதிகாரம் இனி சட்டமன்றத்துக்கு மட்டுமே, மக்கள் மனுவுக்குக் கிடையாது என்று ஒரு சாசனத் திருத்தத்தை எழுதி, 2026 நவம்பர் வாக்குச்சீட்டில் ஏற்றியிருக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கக் கூடாது என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவெடுக்க வேண்டுமாம். ஃபுளோரிடாவைப் போல இதற்கு 60 சதவீதமெல்லாம் தேவையில்லை. பாதிக்கு மேல் ஒரே ஓட்டு விழுந்தால் போதும்.