பொருள்: பொம்மைக்குச் சம்பளம் கேட்டல் தொடர்பாக

பெறுநர்: அமெரிக்க மத்திய கல்வித் துறை, வாஷிங்டன். (துறை இதற்குள் காலியாகியிருந்தால்: தொழிலாளர் துறை, அதே ஊர்.)

பார்வை: கார்ல் பெர்க்கின்ஸ் தொழிற்கல்விச் சட்டம், 1984, கடைசித் திருத்தம் 2018.

ஐயா / அம்மா,

முகவரிக் குழப்பத்தைப் பொறுத்தருள வேண்டும். கல்வித் துறையை மூடுவதற்கு வழி பாருங்கள் என்று 2025 மார்ச்சில் அதிபர் ஆணையிட்டார். அதே ஆண்டு ஜூலையில் தொழிற்கல்விப் பணத்தை நிர்வகிக்கும் வேலை தொழிலாளர் துறையின் கைக்குப் போனது. ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குழந்தை வளர்ப்பு, சமையல், மனிதச் சேவை ஆகியவற்றைச் சொல்லித்தரும் வகுப்புகளும் இதில் பங்கு பெறுகின்றன. அந்த வகுப்புகளைப் பாராட்டவே இக்கடிதம். ஒரே ஒரு சின்ன விண்ணப்பமும் உண்டு, அது பிறகு.

முதலில் குழந்தை வளர்ப்பு வகுப்பின் பொம்மை. விஸ்கான்சின் மாநிலத்து நிறுவனம் ஒன்று செய்யும் கணினிக் குழந்தை அது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மாணவி அதை வீட்டுக்குத் தூக்கிப்போகிறாள். அவள் மணிக்கட்டில் அடையாளப் பட்டை இருப்பதால், பாட்டி தலையில் கட்டிவிட்டுச் சினிமாவுக்குப் போக முடியாது. நடுநிசியில் பொம்மை அழும். பசியா, ஏப்பம் வரவில்லையா, துணி நனைந்ததா, சும்மா ஆட்டினால் போதுமா என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். தலையைத் தாங்காமல் தூக்கினால் அதுவும் பதிவாகும். திங்கட்கிழமை ஆசிரியரின் கணினியில் குட்டு மொத்தமும் வெளிப்பட்டுவிடும். 2018 முதல் ஆண்டுதோறும் தணிக்கையில் தேறாமல் வரும் பென்டகனிடம் இந்தப் பொம்மையை ஒரு வார இறுதிக்கு விட்டுவைத்தால் நாட்டுக்கு நல்லது.

இளவயதில் பிள்ளை பெற்றுக்கொள்ளாதே என்று மிரட்டுவதற்காக 1990களில் பிறந்தது இந்தப் பொம்மை வம்சம். மிரட்டல் பலித்ததா என்று ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தின் 57 பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். முடிவு 2016இல் லான்செட் இதழில் வந்தது. பொம்மை வளர்த்த பெண்களில் 8 சதவீதம் பேர் இருபது வயதுக்குள் பிள்ளை பெற்றிருந்தார்கள். பொம்மையைத் தொடாதவர்களில் 4 சதவீதம். பயமுறுத்தப் போன பொம்மை ஆசை காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது!

பொம்மை வருவதற்கு முன் நிஜக் குழந்தையே பாடநூலாக இருந்ததையும் துறை மறந்திருக்காது. கார்னெல் பல்கலைக்கழகம் 1919 முதல் 1969 வரை ஆதரவற்ற கைக்குழந்தைகளை மனையியல் மாணவிகளிடம் பயிற்சிக்குக் கொடுத்தது. மாணவிகள் முறைவைத்துத் தாயானார்கள். குழந்தைகளுக்கு மனையியலின் ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சுருக்கி ‘டோம்எகான்’ என்று குடும்பப் பெயர் வைத்தார்கள். விஞ்ஞான முறைப்படி வளர்ந்த குழந்தை என்று தத்தெடுக்க ஆள் போட்டியிட்டதாம். அம்மாக்களை மாற்றி மாற்றிப் பார்த்த குழந்தை என்ன நினைத்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆக, பராமரிப்பு என்பது படித்துத் தேற வேண்டிய வித்தை என்று அமெரிக்கா நூறாண்டுக்கு மேலாக ஒப்புக்கொள்கிறது. 1917ஆம் ஆண்டின் ஸ்மித்–ஹியூஸ் சட்டமே மனையியலுக்கும் பணம் ஒதுக்கியது; தொழிற்கலைகளோடு சேர்த்துக் கொடுத்த தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கடிவாளத்தோடு.

இப்போதைய பெர்க்கின்ஸ் சட்டம் இன்னும் சாமர்த்தியமானது. ஒரு தொழிலுக்குத் திறமை அதிகம் வேண்டும், சம்பளம் அதிகம் இருக்க வேண்டும், ஆள் தேவை அதிகம் இருக்க வேண்டும்: பாடத்துக்கு நிதி கிடைக்க மூன்றில் ஒன்று இருந்தால் போதும். குழந்தைப் பராமரிப்பு மூன்றாவது வாசல் வழியாக அலுங்காமல் நுழைந்துவிடுகிறது. அரசின் சொந்தப் புள்ளிவிவர அலுவலகக் கணக்குப்படி 2024 மே மாதத்தில் அந்த வேலையின் இடைநிலைக் கூலி மணிக்கு 15.41 டாலர், நாட்டின் எல்லா வேலைகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 23.80. மொத்த வேலை எண்ணிக்கை குறையும் என்று கணிக்கிற அதே அலுவலகம்தான், ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இடங்கள் காலியாகும் என்றும் சொல்கிறது. இருப்பவர்கள் விட்டுப் போவதால் வரும் காலியிடங்கள் அவை. கூலி கட்டுப்படியாகாமல் ஆள் ஓடுகிறது; ஓடுவதால் தேவை எழுகிறது; தேவை எழுவதால் பாடத்துக்கு நிதி கிடைக்கிறது. இந்தச் சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்குத் தனியாகப் பதக்கம் கொடுக்கலாம்.

பாலினச் சமத்துவத்திலும் சட்டம் குறை வைக்கவில்லை. ஒரு பாலினத்தவர் 25 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள தொழிலை அவர்களில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று மாநிலங்கள் கணக்குக் காட்ட வேண்டும். வெல்டிங் படிக்கும் பெண்ணும் குழந்தை வளர்ப்புப் படிக்கும் பையனும் அந்தக் கணக்கில் சரிசமம். அவள் ஆண்டுக்கு 50,000 டாலரை ஒட்டிய வேலைக்குப் போகிறாள், அவன் 32,000 டாலருக்கு வருகிறான். இருவரும் முன்னோடிகள்.

சமையல் வகுப்பைச் சொல்லவே வேண்டாம். தேசிய உணவகச் சங்கத்தின் கல்வி அறக்கட்டளை நடத்தும் புரோஸ்டார்ட் போட்டியில் பிள்ளைகள் இரண்டே பியூட்டேன் அடுப்பை வைத்து 60 நிமிடத்தில் மூன்று கட்ட விருந்து சமைக்கிறார்கள். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. மெச்சத்தக்க கைகள். உணவுப் பாதுகாப்புக்கு அவர்கள் எழுதும் சர்வ்சேஃப் தேர்வு அந்தச் சங்கத்தின் வியாபாரம். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தாதே என்று அரசியல்வாதிகளிடம் வாதாடுவதும் சங்கமேதான். தொழிலாளி கட்டும் பயிற்சிக் கட்டணம் அவர் கூலிக்கு எதிரான வாதத்துக்கே உதவுகிறது என்று நியூயார்க் டைம்ஸ் 2023இல் எழுதியது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கான மத்தியக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர். அடுப்பு எரிகிறது, அந்த எண் மட்டும் ஆறிப்போய்க் கிடக்கிறது.

மனிதச் சேவைப் பிரிவில் மழலையர் பராமரிப்பும் இருந்தது, முடிதிருத்தலும் இருந்தது, பிணத்தைப் பதப்படுத்தும் வேலையும் இருந்தது. தொட்டில் முதல் சுடுகாடு வரை ஒரே கூரை. 2024இல் பிரிவுகளைத் திருத்தியபோது மருத்துவத்தோடு இதைச் சேர்த்துப் பெயரை நீட்டினார்கள். மருத்துவர் சம்பளம் கூடவே வரவில்லை.

எனவே விண்ணப்பம் இதுதான். அடுத்த மாதிரிப் பொம்மையில் ஒரு சிறு மாற்றம் செய்யச் சொல்லுங்கள். தாலாட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 15.41 டாலரை அதன் நெஞ்சில் எண்ணிக் காட்டட்டும். மாதக் கடைசியில் அந்த ஊரின் வீட்டு வாடகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து அதுவே அழட்டும். பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கணக்கையும் வாசிக்கலாம். செலவு அதிகமாகாது, பேட்டரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
பொம்மை சார்பில்.

நகல்: தேசிய உணவகச் சங்கம் (கட்டணம் உண்டென்றால் தெரிவிக்கவும்).