ஒயின் புட்டியின் ஒழுக்கம்: ஒரு சிற்றாராய்ச்சி

'ஒழுகு' என்ற ஒரே வினையடியிலிருந்து மனிதரின் ஒழுக்கமும் வந்தது, கூரையின் ஒழுக்கும் வந்தது. ஆகவே ஒழுக்கம் என்பது ஒழுகுவதா, ஒழுகாதிருப்பதா என்ற ஐயம் மொழியிலேயே கிடக்கிறது. அதைத் தீர்க்க 750 மி.லி. ஒயின் புட்டியினும் தக்க சான்று இல்லை என்பது நம் துணிபு. கோப்பையில் வார்த்து நிமிர்த்தியதும் அது கடைசிச் சொட்டைக் கழுத்து வழியே நழுவவிடும். மேசைவிரிப்பில் செவ்வட்டம் பதியும். (வெள்ளை ஒயினும் இப்படித்தான் ஒழுகும். கறை விடாத குற்றம் வழக்குக்கு வருவதில்லை.)

கண்ணாடிக்கு நீர்மேல் பற்று அதிகம். மெல்லச் சாய்த்தால் திரவம் விளிம்பைப் பிரிய மனமின்றி வளைந்து புறக்கழுத்தைப் பற்றிக்கொள்ளும். தேநீர்க் கெண்டியின் மூக்கிலும் இதே கதைதான். 1956-இல் அறிவியலாளர் மார்க்கஸ் ரெய்னர் இதைக் 'கெண்டி விளைவு' என்று எழுதினார். மறு ஆண்டே கணித அறிஞர் ஜோசப் கெல்லர் கணக்குப் போட்டு விளக்கினார். சொட்டாத மூக்கைக் கணக்கிட்டதற்காக அவருக்கும் உடன் ஆராய்ந்த வாண்டன்-ப்ரூக்குக்கும் 1999-இல் இக் நோபல் என்ற நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. 'இக்' இருந்தாலென்ன, நோபல் நோபல்தான்.

இனிப் பரபக்கம், அதாவது எதிர்வாதிகளின் கட்சி. துணிவாதி புட்டியின் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றுவார். அது ஒழுகலைத் தடுப்பதில்லை, ஒளிக்கிறது, தள்ளுக. முறுக்குவாதி, நிமிர்த்தும்போது மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் சொட்டு விளிம்பில் பரவி நின்றுவிடும் என்பார். மெய்யே. ஆனால் மூன்றாம் சுற்றில் திருப்ப வேண்டியது புட்டியையா தலையையா என்ற மயக்கம் பிறப்பதால் இதுவும் நில்லாது. பள்ளவாதியே வலுத்த எதிரி. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்து டேனியல் பெர்ல்மன் மூன்றாண்டுகள் ஒழுகலை உற்றுப் பார்த்து, 2017-இல் புட்டி வாய்க்குச் சற்றுக் கீழே 2 மி.மீ. அகலமும் 1 மி.மீ. ஆழமும் உள்ள பள்ளத்தைச் சுற்றிலும் வெட்டினார். சொட்டு அதைத் தாண்ட மாட்டாமல் கோப்பையிலேயே விழுகிறது. கொள்கையில் பழுதில்லை. நம் வீட்டுப் புட்டிதான் பள்ளமின்றி முன்பே வார்க்கப்பட்டுவிட்டது.

சுபக்கம், அதாவது நம் கட்சி: தகடு. உள்ளங்கையளவு வட்டம், பளபளப்பு, தாளைப் போல் மெல்லியது. சுருட்டிப் புட்டி வாயில் செருகினால் தானே விரிந்து உட்கழுத்தை இறுகப் பிடிக்கும். அதன் விளிம்பு கத்தி போல் மெலிந்திருப்பதால், தயங்கி நின்று திரும்பிப் போகச் சொட்டுக்குத் திண்ணை இல்லை. கழுவி மறுபடியும் செருகலாம். இரண்டாயிரம் சொல்லில் பேராசிரியர்கள் விளக்கியதை ஒரு துண்டுத் தகடு பேசாமல் செய்துவிடுகிறது.

அற்றேல், முழுவதும் உள்ளே தள்ளிவிட்டால் என்னாம் எனின், அதையும் அடியேன் செய்து பார்த்தேன். தகடு கழுத்தைக் கடந்து வயிற்றில் போய் விரிந்துகொண்டது. சுருட்டாமல் வெளியே வராது. சுருட்ட விரல் உள்ளே போகாது. ஒயின் அன்றே தீர்ந்தது. தகடு இன்னும் அந்தப் புட்டிக்குள்தான் இருக்கிறது.