டீச்சர், இவன் கிள்ளுறான்!

தொடக்கப்பள்ளி பற்றிக் கேள்வி கேளுங்கள் என்றோம். அம்மாக்கள் கேட்டார்கள், ஆசிரியர்கள் கேட்டார்கள். தாத்தாக்கள் அதட்டினார்கள். படிக்கிற பிள்ளைகள் மட்டும் ஒரு வரி எழுதவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

கேள்வி: ‘ஸ்கூல்ல இன்னிக்கு என்ன நடந்தது?’ என்று தினமும் கேட்கிறேன். இரண்டாம் வகுப்பு மகன் ‘ஒண்ணும் நடக்கலை’ என்கிறான். ஒன்றும் நடக்காததற்கா ஃபீஸ் கட்டுகிறேன்?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: ஆபீஸில் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டில் கேட்டால் நீங்கள் சொல்லும் பதிலும் அதுதானே! கேள்வியை மாற்றுங்கள். ‘இன்னிக்கு யாரோட ரப்பர் தொலைஞ்சது?’ என்று கேட்டுப் பாருங்கள். ரப்பரில் தொடங்கி, கிள்ளியவன், கிள்ளப்பட்டவன், டீச்சர் தீர்ப்பு, நடுவில் நடந்த கணக்குப் பாடம் வரை எல்லாம் வெளியே வரும்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகள் 52-இல் 27 போனால் 35 என்று எழுதுகிறாள். எத்தனை தடவை திட்டினாலும் கவனமே வரவில்லை.
– ஒரு தாய், தாராபுரம்

பதில்: கவனம் இல்லாமல் இல்லை. அவள் ஒரு சட்டப்படி நடக்கிறாள். ‘பெரிய எண்ணில் இருந்து சின்ன எண்ணைக் கழி’ என்று எப்போதோ யாரோ சொன்னதை ஒன்றுக்கும் பத்துக்கும் தனித்தனியாகப் பொருத்துகிறாள். 2-இல் 7 போகாது, ஆனால் 7-இல் 2 போகும், ஆகவே 5. அடுத்து, 5-இல் 2 போனால் 3. முடிந்தது கணக்கு. சந்தேகம் இருந்தால் 64-இல் 38 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். 34 என்பாள். இப்படி ஒரே மாதிரி தப்புப் பண்ணுகிற பிள்ளையைத் திருத்துவது சுலபம். நாளுக்கொரு விடை எழுதுகிறவளைத்தான் பிடிக்க முடியாது.

ஐந்து பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் நாணயம் கொடுத்து, ‘எனக்கு 27 ரூபாய் கொடு’ என்று கேளுங்கள். இரண்டு தாளை உடனே நீட்டுவாள். ஏழு நாணயத்துக்கு முழிப்பாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் (இதுதான் கஷ்டம்). ‘இதுக்குச் சில்லறை குடுங்கம்மா’ என்று ஒரு தாளை அவளே நீட்டுவாள். முதலில் நீட்டியதையும் சேர்த்து இப்போது நான்கு தாள், 12 நாணயம். கொடுத்தது போக 25. இரண்டு மூன்று நாள் இப்படி வியாபாரம் நடந்த பிறகு நோட்டுப் புத்தகத்துக்குப் போகலாம். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுப்பது நம் வழக்கம். வாங்கிய கடனை யாருமே திருப்பித் தராத கணக்கு பிள்ளைக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

கேள்வி: புத்தகத்தில் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று இப்போதும் பிள்ளைகள் நம்புகிறார்களா?
– ஒரு வாசகர், விராலிமலை

பதில்: நம்புகிறார்கள். திறந்து பார்த்தால் போடாது என்ற நிபந்தனையும் அப்படியே இருக்கிறது. பாடப்புத்தகம் திறக்கப்படாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

கேள்வி: அறிவியல் கண்காட்சியில் எங்கள் நான்காம் வகுப்புப் பையனின் தெர்மாகோல் எரிமலைக்கு முதல் பரிசு!
– ஒரு தந்தை, சேலம்

பதில்: வாழ்த்துகள். ராத்திரி எத்தனை மணி வரைக்கும் விழித்திருந்தீர்கள்? அடுத்த முறை இரண்டு கொட்டாங்கச்சி, ஈரப் பஞ்சு, ஒரு கைப்பிடி பச்சைப்பயறு மட்டும் கொடுங்கள். ஒன்றை ஜன்னலில் வைக்கட்டும், இன்னொன்றை அலமாரிக்குள் வைத்துப் பூட்டட்டும். ஒரு வாரம் கழித்துத் திறந்தால், இருட்டில் இருந்ததுதான் அதிக உயரமாக இருக்கும். வெளிறி, மெலிந்து, தலை சாய்ந்து நிற்கும். ‘வெயில் இல்லாம எப்படிப்பா இது மட்டும் உசந்துச்சு?’ என்று அவன் கேட்பான் பாருங்கள், அந்தக் கேள்விக்குத்தான் முதல் பரிசு. வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுவதற்கே விதையில் இருந்த சேமிப்பைச் செலவழித்துவிட்டது என்று பிறகு சொல்லலாம்.

கேள்வி: பேத்தியின் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் தரையில் கும்பல் கும்பலாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் தரையில்! இது வகுப்பா, சந்தையா?
– ஒரு தாத்தா, சோழவந்தான்

பதில்: வகுப்புத்தான். உங்கள் காலத்தில் ஒருவர் பேச, நாற்பது பேர் பேசாமல் இருந்தார்கள். அந்த நாற்பதில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

தரையில் உட்காருவது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி அனுபவத்தைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. பாட அட்டைகள் வந்தன; எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படம் வந்தது; பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில், சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை வந்தது. அட்டையைத் தேடி எடுப்பதிலேயே பாதி நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொண்டதும் உண்டு. அதில் நியாயமும் இருந்தது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு எழுத்தே தெரியாமல் போனது. அதைச் சரிக்கட்ட 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளைக்கு என்ன தெரியுமோ அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் கேட்ட சத்தம் மூன்று நிலையும் ஒரே நேரத்தில் வேலை செய்த சத்தம். ஆனால் ஒன்று: சத்தம் போட்டால் எல்லாம் கற்றல் ஆகிவிடாது. அடுத்த தடவை பேத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன கத்துகிறாள் என்று கேளுங்கள்.

கேள்வி: ‘ப’ வடிவில் உட்காரவைத்தால் கடைசி பெஞ்ச் ஒழிந்துவிடுமா?
– ஒரு முன்னாள் கடைசி பெஞ்ச், நாகர்கோவில்

பதில்: ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தால் 2025-இல் சூடுபிடித்த பேச்சு இது. கடைசி பெஞ்ச் ஒழியும். ஆனால் ‘ப’வுக்கு இரண்டு கைகள் உண்டு. அங்கே உட்காருகிற பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பித்தான் கரும்பலகையைப் பார்க்க வேண்டும். 20 பிள்ளைகள் இருக்கும் அறைக்கு அருமையான ஏற்பாடு. 45 பேர் இருந்தால் ‘ப’ நெளிந்து வேறு எழுத்தாகிவிடும். எந்த வடிவமானாலும் வாரத்துக்கொரு முறை இடம் மாற்றினால் போதும். எங்கே உட்கார்ந்தாலும் கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதுகிற பிள்ளையை ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகனை வகுப்புத் தலைவன் ஆக்கிவிட்டார்கள். பேசியவர் பெயரைப் போர்டில் எழுதுவது தவிர வேறு என்ன வேலை?
– ஒரு தாய், சிவகாசி

பதில்: பேரம் பேசிப் பெயரை அழிப்பது. கிண்டல் இருக்கட்டும், இது உலகம் சுற்றிய பதவி. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்தில் செய்துபார்த்து, பெரிய பையன்களை வைத்தே சின்னவர்களுக்குக் கற்பித்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் பணத்தில் எழுந்த மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் இருக்கிறது. சட்டாம்பிள்ளையின் வேலை கற்றுக்கொடுப்பது. பெயர் எழுதுவது நாமாகச் சேர்த்த போலீஸ் வேலை.

கேள்வி: வாய்ப்பாடு மனப்பாடம் அவசியமா? பொருள் புரிந்தால் போதாதா?
– ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் பிள்ளையைப் பயமுறுத்தும் அளவுக்குச் சரக்கு அதிகம் இல்லை. பத்து வாய்ப்பாடு, பத்துப் பத்து வரி, மொத்தம் 100. 7×8-உம் 8×7-உம் ஒன்றுதான் என்று புளியங்கொட்டையை ஒரு மணையில் வரிசையாக அடுக்கி, மணையைத் திருப்பிக் காட்டிவிட்டால் மிச்சம் 55. ஒன்றும் பத்தும் யாருக்கும் வரும், 36. இரண்டும் ஐந்தும் பாட்டாகவே ஓடிவிடும், 21. அந்த 21-க்காக ஒரு வருஷம் முழுக்க அழவைக்க வேண்டுமா?

கேள்வி: ஒன்றாம் வகுப்பு டீச்சர் ‘அ’னாவை விட்டுவிட்டு ‘ட’னாவில் ஆரம்பிக்கிறாரே?
– ஒரு பாட்டி, காரைக்குடி

பதில்: ஐந்து வயதுக் கைக்கு ‘அ’ ஒரு ஜிலேபி. ‘ட’ இரண்டு கோடு. ட, ப, ம, கூட ஒரு புள்ளி இருந்தால் படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். உயிரெழுத்து 12-ஐயும் எழுதி முடித்தாலும் ஆ, ஈ போல ஓரெழுத்துச் சொல் சிலதான் தேறும். கால், கொம்பு, சுழி பிடிபட்டுவிட்டால் உயிர்மெய் 216-இல் பெரும்பகுதி தானே வரும். கு, சு, டு, து என்று ஆளுக்கொரு வாலோடு வரும் வரிசைதான் படுத்தும். உங்கள் பொறுமையை அதற்குச் சேர்த்துவையுங்கள், பாட்டி.

கேள்வி: மகன் பல்பம் தின்கிறான். அடித்தும் கேட்கவில்லை.
– ஒரு தாய், அரூர்

பதில்: அடிக்காதீர்கள், ரத்தம் பரிசோதியுங்கள். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் பல்பம், மண், சுண்ணாம்பு தேடுவது உண்டு. குடற்புழுவும் அந்தச் சத்தைக் குறைக்கும்; பள்ளியில் புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு போடவைக்காதீர்கள்.

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் பையின் எடை நாலு கிலோ!
– ஒரு தந்தை, ஆவடி

பதில்: 2018-இல் மத்திய அரசு சொன்ன வரம்பு, ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்றரைக் கிலோவாக இருந்தது. அந்த இரண்டு வகுப்புக்கும் வீட்டுப்பாடமே கூடாது என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. வீட்டுப்பாடம் இல்லையென்றால் அந்த நோட்டெல்லாம் ஏன் ஊர்வலம் போகின்றன? பள்ளியில் கேளுங்கள். கேட்கும் முன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு தடவை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் நான் மட்டும். நடுவில் கல்வித் துறையின் எமிஸ் இணையதளப் பதிவு வேறு. எப்படிப் பாடம் நடத்துவது?
– ஓர் ஆசிரியர், பர்கூர்

பதில்: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பிள்ளைகளை எண்ணியவர்கள் வகுப்புகளை எண்ணவில்லை. தனியாக மாட்டிக்கொள்ளும் நாளில் ஐந்தாம் வகுப்பை ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசிக்க விடுங்கள். 2023-இல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கின்றன. ஐந்தாவது வந்தும் எழுத்துக் கூட்டுகிற பையனிடம் ‘நட’ புத்தகத்தைக் கொடுத்தால் கூசிப்போவான். ‘தம்பிக்கு வாசிச்சுக் காட்டு’ என்று கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பான். பயிற்சிக்குத் தேதி குறிக்கும் அதிகாரிகளே, ஈராசிரியர் பள்ளியில் பாடம் நடக்கும் நாளை விட்டுவிடுங்கள், சனிக்கிழமைகள் இருக்கின்றன.

கேள்வி: நான் சரியாகச் சொன்னாலும் ‘எங்க டீச்சர் அப்படிச் சொல்லலை’ என்கிறாள் மகள். நான் எம்.எஸ்சி. கணிதம்!
– ஒரு தாய், தாம்பரம்

பதில்: மேல்முறையீடு கிடையாது.

கேள்வி: அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். என்ன கேட்கலாம்?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: ‘என்ன ரேங்க்?’ வேண்டாம். யாரோடு சேர்ந்து வேலை செய்கிறாள், எந்த இடத்தில் நின்றுபோகிறாள், கடைசியாக எப்போது கை தூக்கினாள் என்று கேளுங்கள். டிக் அடித்த பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தப்புப் போட்ட பக்கத்தில் நில்லுங்கள். அரசுப் பள்ளி என்றால் மேலாண்மைக் குழுவிலும் சேரலாம்: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். வீட்டுக்காரரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அப்பாக்கள் வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.