ஈசானிய மூலையில் ஒரு விளக்கு

தன்னார்வ மென்பொருள் குழுவில் நிரல் எழுத ஆள் கேட்டால், எல்லாருக்கும் அந்த வாரம் மாமியார் வீட்டில் விசேஷம். லோகோ வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்; வெளிநாட்டில் இருப்பவர்கூட நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து யோசனை சொல்வார்.

எங்கள் குழு செய்வது தமிழ்ப் பிழைதிருத்தி. லோகோவுக்கு எந்த எழுத்து என்பதில் தகராறே வரவில்லை. தமிழ் மென்பொருள் என்றால் 'ழ'தான். மற்ற எழுத்துகள் விண்ணப்பம்கூடப் போடுவதில்லை. கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டுமே என்று முப்பரிமாண 'ழ' என முடிவாயிற்று. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருள் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

பிளெண்டரைத் திறந்தால் திரை நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கனசதுரம் உட்கார்ந்திருக்கும். அழையா விருந்தாளியான அதை டெலிட் செய்துவிட்டுத்தான் பலரும் வேலையை ஆரம்பிப்பார்கள். நானும் அப்படியே. இங்க்ஸ்கேப்பில் வரைந்த 'ழ'வை உள்ளே கொண்டுவந்து, தடிமன் ஏற்றி, விளிம்பை மழுக்கி, உலோகப் பூச்சு பூசி, விளக்கு வைத்து ரெண்டர் போட்டேன். மடிக்கணினி கொதித்தது. மனைவி வந்து அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மாவு புளிக்கவே மாட்டேங்குது. இதுக்குப் பக்கத்துல வச்சுக்கட்டுமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் படத்தைக் காட்டினேன். தட்டையான லோகோ என்றால் நிறத்தோடும் வடிவத்தோடும் விவாதம் முடிந்துவிடும். மூன்றாவது பரிமாணம் வந்தாலோ வெளிச்சம், நிழல், சாய்வு, முதுகு என்று ஆளுக்கொரு அபிப்பிராயம் வைக்க இடம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தம்பி, வெளிச்சம் தெற்கேயிருந்து வருதே. விளக்கை ஈசானிய மூலைக்கு மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். நிழல் தென்மேற்கே விழுந்தது. "எழுத்து சாயுற மாதிரி இருக்கேண்ணே" என்றான் கல்லூரித் தம்பி. நிமிர்த்தினேன். நிரலில் கரைகண்ட ஒருவர், "சுத்தவிட்டா பின்பக்கம் எப்படித் தெரியும் சார்?" என்று கேட்டார். சுற்றவிட்டேன். முதுகைக் காட்டிய 'ழ' இடம் வலமாகி, எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத ஓர் எழுத்தாக நின்றது. பிழைதிருத்திக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் உண்டா என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பால் ராண்டின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு லோகோ செய்து கொடுத்தவர். கறுப்புக் கனசதுரம் ஒன்றை 28 டிகிரி சாய்த்து, அதன் முகத்தில் நாலு எழுத்தைப் போட்டார். கூலி ஒரு லட்சம் டாலர். சில மாதிரிகள் காட்டுவீர்களா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு, 'ஒன்றுதான் செய்வேன். பிடிக்காவிட்டால் பயன்படுத்த வேண்டாம், பணத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்' என்கிற ரீதியில் பதில் சொன்னாராம். நிமிர்த்தச் சொல்ல அங்கே தம்பி யாரும் இருந்திருக்கவில்லை.

இன்னொரு லட்சக் கணக்கும் உண்டு. பிளெண்டரைக் கட்டற்ற மென்பொருளாக விடுவிக்க 2002இல் ஒரு லட்சம் யூரோ தேவைப்பட்டது. ஏழே வாரத்தில் அன்பர்கள் திரட்டிவிட்டார்கள். அங்கே ஒரு லட்சத்துக்கு ஒரு பெட்டி. இங்கே அதே லட்சத்துக்கு, திறக்கும்போதெல்லாம் ஊருக்கே பெட்டி கொடுக்கும் மென்பொருள். சாய்த்து விற்க எனக்குத்தான் சாமர்த்தியமில்லை.

கடைசியில் 'ழ' உலாவியின் தாவலில் ஏறியது. அங்கே இடம் அகலத்தில் 16, உயரத்தில் 16, ஆக மொத்தம் 256 பிக்சல். உலோகப் பளபளப்பும் ஈசானிய வெளிச்சமும் தென்மேற்கு நிழலும் அதற்குள் நெருக்கியடித்து, திரையில் ஒட்டிய அழுக்காகத் தெரிந்தன. எங்கள் தமிழாசிரியர் விரலால் துடைத்தே பார்த்தார். ஆப்பிள் நிறுவனம் 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது தன் சின்னங்களின் மினுமினுப்பையெல்லாம் கழுவிவிட்டது. இவ்வளவு ஏன், முப்பரிமாணமே பிழைப்பாக வைத்திருக்கும் பிளெண்டரின் இன்றைய லோகோவும் தட்டைதான்.

ஆகவே, லோகோ செய்யக் கிளம்புகிறவர்களே, முதலில் 16 பிக்சல் கட்டத்துக்குள் வெறும் கறுப்பில் வரைந்து பாருங்கள். அடையாளம் தெரிந்தால் பிறகு எத்தனை பரிமாணம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால், எந்த மூலையில் விளக்கு வைத்தாலும் விடியாது.