கேக்வெட்டுகள்: புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்து இனிப்பு எழுத்துகள் குறித்து ஒரு முன்னாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பாறை, பானை ஓடு, செம்பு, பனையோலை, தாள் என்று தமிழ் எழுதப்பட்ட பரப்புகளை அறிஞர்கள் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் வெண்ணெய் இல்லை. வீட்டு விசேஷத்துக்கு வீட்டிலேயே சுட்டு, வீட்டிலேயே எழுதி, அன்றே அழிக்கப்படும் கேக்குகளின் எழுத்துகளை இதுவரை யாரும் படியெடுத்ததாகத் தெரியவில்லை. கட்டுரையாளர் ஒருமுறை மசிப்படி எடுக்கத் தாளை ஒற்றியபோது எழுத்து முழுவதும் தாளோடு வந்துவிட்டது. அந்தத் தாளையும் யாரோ நக்கிவிட்டார்கள். எனவே இவ்வாய்வு நினைவையும், சில இடங்களில் நாக்கையும் மட்டுமே சான்றாகக் கொண்டது.

1. பெயர்க்காரணம்

கல்லில் வெட்டியது கல்வெட்டு. கேக்கில் வெட்டுவது கேக்வெட்டு. கல்லை வெட்டினால் எழுத்து பிறக்கிறது. கேக்கை வெட்டினால் எழுத்து போய்ச் சேர்கிறது. ஒரே வினை இப்படி இரண்டு துறைகளில் எதிரெதிர் வேலை பார்ப்பதை இலக்கண நூலார் கவனிக்கவில்லை. அவர்கள் காலத்தில் பிறந்தநாளுக்கு யாரும் கேக் வெட்டாததால் மன்னித்துவிடலாம்.

‘கேக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் பழைய நார்ஸ் மொழியின் ‘காக்கா’ என்பது மொழியியலார் முடிவு. இதைப் படித்ததும், சட்டைத் துணியால் மூடிக் கடித்துப் பங்கு போடும் நம் காக்காக்கடியை எண்ணிச் சில தமிழ் நெஞ்சங்கள் துள்ளக்கூடும். துள்ள வேண்டாம், ஆதாரம் போதாது. எங்கள் வீட்டு வழக்கு இன்னும் எளிது: கேட்டால் கிடைப்பது கேக், கேட்காமலே தட்டில் வந்து நிற்பது பிஸ்கட்.

வெட்டி முடித்த பிறகு வாசிக்க உட்காருவது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் சுமார் ஐம்பது வரி எழுத்தோடு ஒரு பெரும்பாறை நின்றது. 1819-இல் அது கண்ணில் பட்டது. 1843-இல் ஆங்கிலேயப் பொறியாளர்கள் கட்டுமான வேலைக்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்று இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதை யாராலும் முழுதாக வாசிக்க முடியவில்லை. 2019-இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் அதில் ‘கேசரிவ’ என்ற எழுத்துகள் தெரிவதாகவும், அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழர் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் முன்வைத்தார். சோழர் வந்தார்களா என்பதை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுவோம். இந்தத் தீவின் மிகப் பழைய எழுத்தில் வாசிக்கக் கிடைத்தது ‘கேசரி’ என்பதே இத்துறைக்குப் போதுமான தொடக்கம்.

2. களமும் முறையும்

ஆய்வுக்களம், சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள புக்கிட் பாஞ்சாங். மலாயில் ‘நீண்ட குன்று’ என்று பொருள். குன்றில் எழுத்து பொறிப்பது தமிழ் மரபாதலால் இடத்தேர்வில் யாரும் குறை காண முடியாது.

1999-இல் ஓடத் தொடங்கிய எல்ஆர்டி ரயில் இங்கே அடுக்குமாடிகளுக்கு நடுவே வளையமாகச் சுற்றுகிறது. செஞ்சா வழியாகச் சுற்றும் வண்டியில் ஏறி, நிலையப் பெயர்களின் மலாய்ப் பொருளை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். செஞ்சா, அந்தி. ஜெலாப்பாங், நெற்களஞ்சியம். செகார், புத்துணர்வு. ஃபஜார், விடியல். பங்கிட், எழும்புதல். பெண்டிங், இடுப்புப்பட்டையில் பூட்டும் அலங்காரக் கொளுவி. பெட்டிர், இடி மின்னல். அந்தியில் மாவெடுத்து, புத்துணர்வோடு தொடங்கி, விடியும்போது கேக் எழும்பி, அதற்கு அலங்காரம் பூட்டி, கடைசியில் வீட்டில் இடி விழும் வரையுள்ள முழுச் செய்முறையும் இதில் அடங்கியிருக்கிறது. இது தற்செயல் என்பவர்கள் விசேஷத்துக்கு முதல்நாள் ஒரு சமையலறைக்குள் நின்று பார்த்தவர்களாக இருக்க முடியாது.

சமையலறைகளை ரயிலில் இருந்தபடியே கணக்கெடுப்பது முதல் திட்டம். ஆனால் இந்த ரயிலின் சன்னல்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளை நெருங்கும்போது குடியிருப்போரின் அந்தரங்கம் கருதித் தாமாகவே மங்கிவிடும். எதிர்த்த புளோக்கில் யார் என்ன பிசைகிறார்கள் என்பதைப் பார்க்கப் போகும் நேரத்தில் கண்ணாடி பனிமூட்டமாகிவிட்டது. ஆகவே மாதிரி அளவு ஒரே வீடாகச் சுருங்கியது. அது கட்டுரையாளரின் அம்மாவின் வீடு. நடுநிலை பற்றிய ஐயம் எழலாம். ஒரு துண்டு சாப்பிட்டால் அடங்கிவிடும்.

அலங்காரத்துக்கான முந்திரி பற்றி ஓர் எச்சரிக்கை. டௌன்டவுன் பாதையில் புக்கிட் பாஞ்சாங்கை அடுத்த நிலையத்தின் பெயர் கேஷ்யூ. பெயரை நம்பி இறங்கிவிடக்கூடாது. அம்மா வண்டி மாறாமல் லிட்டில் இந்தியாவரை போய்த்தான் வாங்குவார்.

3. எழுதுபரப்பும் எழுதுகோலும்

ஓலைக்குப் பகை செல். கேக்குக்குப் பகை வானிலை. வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் உருகும். சிங்கப்பூரின் பிற்பகல் 31, 32 பாகையில் நிற்கும். ஓவன் எரியும் சமையலறை அதையும் தாண்டும். எழுத்தின் ஆயுள் இந்த ஓரிரு பாகையில் தொங்குகிறது. முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சீனியை அடித்து உலரவிடும் ராயல் ஐசிங், குளிர்நாட்டில் ஓடுபோல் இறுகும். காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் அது உலர மறுத்து யோசித்துக்கொண்டே இருக்கும். ஃபாண்டன்ட், குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் மேடையேறிய புதுப் பேச்சாளர்போல் வியர்க்கும். அம்மா கண்ட தீர்வு இரண்டு: வெண்ணெயோடு கொஞ்சம் ஷார்ட்டனிங் சேர்ப்பது, வீட்டில் ஏர்கோன் உள்ள ஒரே அறையைக் கேக்குக்குக் கொடுப்பது. அன்றிரவு கேக் கட்டிலருகே மேசையில். நாங்கள் கூடத்தில், விசிறிக்குக் கீழே.

எழுதுகோல், நுனியில் நோசில் செருகிய பை. எழுத்துக்கு 2-ஆம் எண், ரோஜா இதழுக்கு 104. கை மட்டும் கோலம் போட்ட கை. மாக்கோல விரல்களிலிருந்து ஐசிங் இறங்கும் வேகத்தை எந்த வகுப்பிலும் சொல்லித் தர முடியாது என்பது அம்மாவின் கருத்து. சமூக மன்ற வகுப்பில் சேர்ந்து இரண்டே நாளில் நின்றவர் அவர்.

அப்பாவின் அம்மாவான அப்பாயியின் பிறந்தநாள் கார்த்திகை விரதத்தில் விழுந்ததால் இந்த ஆய்வின் முதன்மைச் சான்றான கேக்கில் முட்டை இல்லை. கஸ்டர்ட் பவுடர் உண்டு. 1837-இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகக் கண்டுபிடித்த பொடி அது. முருகனுக்கு விரதம் இருக்கும் மூதாட்டிகளுக்கு அவர் செய்த உதவியை அவர் அறிந்திருக்க மாட்டார்.

வேலை நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரைக்காஞ்சியின் இரவு வருணனையில், மோதகம் விற்கும் கூவியர் கடையிலேயே தூங்கிப்போகிறார்கள். அப்பாயியின் பிறந்தநாளுக்கு முந்தைய இரவு இரண்டு மணிக்கு, ஐசிங் பையைக் கையில் பிடித்தபடி அம்மா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மரபு அறுபடாமல்தான் வந்திருக்கிறது.

4. பிஸ்கட்: ஒரு துணைக்குறிப்பு

பிஸ்கட்டில் எழுத்து இல்லை என்பது மேலோட்டமான பார்வை. ஹரிராயாவுக்கு மலாய்க்கார வீட்டிலிருந்து வரும் செம்ப்ரிட் பிஸ்கட்டைப் பாருங்கள்: பூப்போலப் பிழிந்த மாவு, நடுவில் ஒரு துளி சிவப்புச் செர்ரி. சீனப் புத்தாண்டுக்கு வரும் குவே பங்கிட்டில் மரவள்ளி மாவு மீனுக்குக் கண்ணாக ஒரு சிவப்புப் பொட்டு. இரண்டும் புள்ளிகள், மெய்யெழுத்தைக் காணோம். தீபாவளிக்கு நாம் பதிலுக்குக் கொடுக்கும் முறுக்கோ முழுக்க வட்டெழுத்து. அந்த லிபி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்ததாகச் சொல்பவர்கள் சிவப்பு மூடிப் போத்தல்களைத் திறந்து பார்க்கவில்லை.

எல்லா இனத்தவரும் எல்லா புளோக்கிலும் கலந்து வாழ வேண்டும் என்று 1989-இல் வீவக வீடுகளுக்கு விகிதம் வகுத்தார்கள். அதன்பின் ஒரு தாழ்வாரத்திலேயே ஆண்டுக்கு மூன்று முறை தட்டுகள் ஊர்வலம் போகின்றன. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது மூன்று வீட்டுக்கும் பொதுவான சட்டம். அதனால் எந்தத் தட்டு யாருடையது என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

5. எழுத்தமைதி

இனி முதன்மைச் சான்று. அப்பாயியின் எண்பதாம் பிறந்தநாள் கேக், பத்து அங்குலச் சதுரம், நான்கு வரி:

உ
முருகன் துணை
அப்பாயிக்கு 80
இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்

முதல் வரி பிள்ளையார் சுழி. ஓலையும் எழுத்தாணியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கவே முன்னோர் சுழி போட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அம்மாவிடம் கேட்டபோது, “நோசில் அடச்சிருக்கான்னு பாக்கத்தான்” என்றார். விளக்கம் உறுதிப்பட்டது.

‘துணை’யில் உள்ள ‘ணை’ பழைய யானைத் துதிக்கை வடிவில் இருந்தது. தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து அந்தத் துதிக்கையை வெட்டியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது வசதி. ஐசிங்குக்கோ பழைய வடிவம்தான் வசதி: பையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் சுழித்து முடித்துவிடலாம். அண்ணன் மகள், வயது ஒன்பது, தொடக்கப்பள்ளியில் தமிழ் படிப்பவள், அதைக் கண்டு, “பாட்டி, ஏன் முருகன் பக்கத்துல பாம்பு?” என்று கேட்டாள். சமயநோக்கில் இது பிழையான கேள்வியும் இல்லை.

நான்காம் வரியில் இருப்பது தமிழுலகை இரண்டாகப் பிளந்த சிக்கல்: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? வன்றொடர்க் குற்றியலுகரம் என்று ஒரு கட்சி. ‘கள்’ விகுதிக்கு முன் மிகாது என்று எதிர்க்கட்சி. அம்மாவின் தீர்ப்பு: “ஓரத்துல எடம் இருந்தா ‘க்’ போடு, இல்லாட்டி விடு.” இந்த வரிக்கு ‘க்’ இல்லாமல் பதினைந்து எழுத்து, இருந்தால் பதினாறு. இருபது நூற்றாண்டு இலக்கண மரபில் இடநெருக்கடியை விதியாக வகுத்த முதல் ஆசிரியர் இவரே என்று கருதுகிறோம்.

மிக முக்கியமானது புள்ளி. நான்கு வரியிலும் சேர்த்து எட்டுப் புள்ளிகள்: முருகனில் ஒன்று, அப்பாயியில் இரண்டு, வாழ்த்தில் ஐந்து. இவற்றை அம்மா ஐசிங்கால் வைக்கவில்லை. பளபளக்கும் வெள்ளி நிறச் சீனி மணிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துப் பதித்தார். பேரழகு. இடி மின்னலுக்கு வித்திட்டதும் அதுவே.

6. பாடபேதம்

தமிழ் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. குத்தினால் ஓலை கிழியும். எது மெய், எது உயிர்மெய் என்று ஊகித்து ஊகித்தே உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் நூல்களை மீட்டார்கள். எங்கள் வீட்டுக் கேக் மாலை ஆறரை மணிக்கு அதே நிலையை அடைந்தது. மெழுகுவத்தி ஏற்றுவதற்காக அறைக்கதவைத் திறந்தபோது ஒரு புள்ளிகூட இல்லை. ‘முருகன துணை. அபபாயிககு 80. இனிய பிறநதநாள வாழததுகள.’ அம்மா போட்ட சத்தத்தை முன்பே சொன்ன பெட்டிர் நிலையத்தோடு ஒப்பிட்டு உணர்க.

அடுத்து நிகழ்ந்தது இடைச்செருகல். அப்பாயி மெழுகுவத்தியை ஊத மறுத்துவிட்டார். “வெளக்க வாயால ஊதி அணைக்கிறதா? நான் மாட்டேன். தானாக் குளிரட்டும்.” அது குளிரும்வரை உருகியது; மெழுகு சொட்டி ‘அப்பாயி’யின் அகரத்தின் மேல் ஒரு புள்ளியாக உட்கார்ந்தது. தொல்காப்பியர் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி கொடுத்தார், அகரத்துக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தது மெழுகு.

பிறகு வெட்டு. வலப்பக்கத்து வரிசை முதலில் போயிற்று. வேலை முடிந்து தாமதமாக வந்த தாய்மாமா, தட்டில் மிஞ்சியதைப் பார்த்தார்: ‘அபபா’. உடனே எங்கள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, “அத்தான், ஒங்களுக்கா பொறந்தநாளு? அக்கா போன்ல சரியாச் சொல்லலியே!” என்றார். மூன்று எழுத்து மட்டும் எஞ்சிய சுவடியை வைத்து ஒரு வரலாறு எப்படி மாறிப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை. அப்பாவும் மறுக்கவில்லை.

7. முடிவுரை

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. 2010 கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்ன இந்தியர்கள் 36.7 விழுக்காடு; 2020-இல் அது 27.3 விழுக்காடு. இந்த எண்களை மாநாடுகளில் கவலையோடு வாசிப்பார்கள். அவற்றில் கேக் சேர்க்கப்படவில்லை.

முதன்முதலாக எழுத்தறிவிக்கும்போது குழந்தையின் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுத வைப்பது நம் வழக்கம். எழுத்து நமக்கு உணவின் மேல்தான் தொடங்குகிறது. அதன்பின் பலகை, தாள், திரை என்று உண்ண முடியாதவற்றின் மேல் ஏறி விலகிப் போய்விடுகிறது. கேக் அதைத் திரும்பவும் தட்டுக்குக் கொண்டுவருகிறது.

அன்றிரவு, மாமாவின் தவறான பாடத்தைத் திருத்த மூலபாடத்தை நிறுவ வேண்டியிருந்தது. அம்மா கோபத்தில் இருந்தார். கட்டுரையாளரின் குறிப்பேட்டில் ஐசிங். அண்ணன் மகள் ஒரு தாளை எடுத்து, நான்கு வரியையும் எழுதினாள். பாம்பையும் போட்டாள். எட்டுப் புள்ளியும் அதனதன் இடத்தில். வாழ்த்துகளில் ‘க்’ இல்லை. புள்ளியில்லாத பிரதியை எப்படி இவ்வளவு சரியாக மீட்டாய் என்று ஆய்வுநெறிப்படி கேட்கப்பட்டது.

“ஐயோ சித்தப்பா,” என்றாள், “எங்கெங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் லா. நான்தானே சாப்பிட்டேன்.”